அந்தச் சின்ன சிலிண்டரை நான் ஏன் தூக்கிக்கொண்டு இறங்கினேன்

தம்பி,

மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூரில் உன் வீட்டில் நான் நடந்துகொண்டதற்கு நீ இன்னும் என்னிடம் காரணம் கேட்கவில்லை. நீ கேட்காமல் இருந்தால் அதுதான் உன் கோபம் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். கல்யாணமாகி நீயும் கவிதாவும் தனியாக வீடு எடுத்து, முதல்முறையாக என்னையும் அவளுடைய அப்பா அம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தீர்கள். தண்ணீர் குடிக்கலாமென்று நான் சமையலறைக்குள் போனேன். கரன்ட் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. தரையில், தலையிலேயே பர்னர் வைத்த ஒரு சின்ன சிவப்பு சிலிண்டரின் மேல் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதன் உடம்பில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை, அடிவளையத்தில் துரு. கவிதா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் வாசன வரும் மாமா, ஜன்னலத் தொறந்து வெச்சா போயிடும்” என்றாள். நீ பின்னாலேயே வந்து, கீழ்த்தெருக் கடையிலேயே கேஸ் நிரப்பிக் கொடுக்கிறார்கள், கனெக்‌ஷன் எழுதி, புக் பண்ணி, சிலிண்டர் மாற்ற ஆள் வரும்வரை யார் காத்திருப்பது, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றாய். நான் குழம்பை இறக்கி வைத்தேன். வால்வை மூடினேன். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி, காம்பவுண்டுக்கு வெளியே இருந்த காலி மனையில் கொண்டுபோய் வைத்தேன். நீ பின்னால் ஓடி வந்து, “மாமனார் மாமியார் முன்னாடி ஏம்ப்பா இப்படி அசிங்கப்படுத்துறீங்க?” என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்று பேருக்குச் சாப்பிட்டுவிட்டு, ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டேன். மறுநாள் கவிதா போன் செய்து நலம் விசாரித்தபோது, சிலிண்டர் மறுபடி மேலே வந்துவிட்டதாகச் சொன்னாள்.

போனில் சொல்ல முடிந்த விஷயமாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். எழுதினால்தான் நடுவில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் நடுவில் வேறு பேச்சுக்குத் தாவ முடியாது. இதைப் படித்த பிறகு என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் அதற்கு நான் தகுதியானவன்தான். ஆனால் முழுவதும் படி. கவிதாவையும் படிக்கச் சொல்.

விருத்தாசலத்தில் ஜங்ஷன் ரோட்டிலிருந்து செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பும் சந்தில் நமக்கு ஒரு கடை இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர் என்று போர்டு. ஸ்கூல் விட்டு வந்து அங்கேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது, அதற்குள் உன்னை நான் விட்டதே இல்லை. எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் அந்தக் கொட்டகையிலிருந்துதான் வந்தது. வீட்டு உபயோகத்துக்கான பெரிய சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு ட்யூபை மாட்டி, கீழே சின்ன சிலிண்டரில் கேஸை இறக்குவேன். அதை யாரும் நிரப்புவதென்று சொல்ல மாட்டார்கள். “கேஸ் புடிக்கணும்ணே” என்றுதான் வருவார்கள். சட்டப்படி அது குற்றம் என்று எனக்குத் தெரியும். சந்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பீங்கான் கம்பெனிகளில் வேலை செய்ய வெளியூரிலிருந்து வந்தவர்கள், ஒற்றை ரூமில் வாடகைக்கு இருந்தவர்கள், ரேஷன் கார்டு மாமியார் வீட்டிலேயே இருந்த புதுக் குடித்தனக்காரர்கள், இவர்கள்தான் என் வாடிக்கை. இவர்களுக்கு அப்போது ஏஜென்சியில் கனெக்‌ஷன் கிடைக்காது. முகவரிச் சான்று கேட்பார்கள், இருக்காது. காலி சிலிண்டரைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை வாங்கிக்கொள்வது என்பது முகவரி உள்ளவர்களுக்கான வசதியாக இருந்தது. அதனால் நான் செய்தது ஒரு உதவி என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வதற்கு வேண்டிய ஆட்கள் தினமும் என் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

அவர்களில் ஒருத்தி வளர்மதி. ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி நான்கு வருஷம் இருக்கும். தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் பீங்கான் பொம்மைக்கும் கப்புக்கும் ஓரம் தேய்க்கும் வேலை. அவள் புருஷன் கொளஞ்சி அதே தொழிற்பேட்டையில் இன்னொரு கம்பெனியில் சூளையில் வேலை பார்த்தான். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, அபிநயா. கம்பெனியில் விளிம்பு உடைந்தது, கோணலாக வெந்தது என்று ஒதுக்கிய கப்புகளை வளர்மதி எடுத்து வந்து உன் அம்மாவிடம் கொடுப்பாள். நம் வீட்டில் நீ பால் குடித்த நீலக் கப் அவள் கொடுத்ததுதான்.

ஒரு நாள் மதியம் அவள் ஒரு இடுப்பில் குழந்தையும் இன்னொரு இடுப்பில் சின்ன சிலிண்டருமாக வந்தாள். உன் அம்மா அப்போது எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு பிஸ்கட் கொடுத்தாள். நான் கொட்டகைக்குள் போய் கேஸ் பிடித்தேன். பிடித்து முடித்ததும் வால்வின் மேல் சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கும் தடவினேன். வால்வின் அடியில் ஒரு குமிழி கிளம்பியது. கடுகளவுதான். உடைந்தது, இன்னொன்று கிளம்பியது. அந்த சிலிண்டர் யாரிடமிருந்தோ பழையதாக அவர்கள் வாங்கியது. எத்தனை வருஷம் ஆனதோ, எத்தனை கடையில் எத்தனை பேர் பிடித்ததோ, ஒருவரும் அதைச் சோதித்திருக்க மாட்டார்கள். உள்ளே வாஷர் போயிருந்தது. அந்த அளவு வாஷர் என்னிடம் இல்லை, கடைவீதிக்குப் போய்த்தான் வாங்கி வர வேண்டும். அப்படியானால் பிடித்த கேஸையெல்லாம் வெளியேற்றிவிட்டுக் கழற்ற வேண்டும். அவள் வெளியிலிருந்து, “ஆயிடுச்சாண்ணே? கம்பெனிக்கு நேரமாகுது” என்றாள். நான் ஸ்பேனரை வைத்து அரைச் சுற்று இறுக்கினேன். குமிழி நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒன்று வந்தது. அதைத் துணியால் துடைத்தேன். துடைத்து, அவளிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். இதை இந்தக் கடிதத்தில் எழுதும் இந்த வரிக்கு முன்னால், என் வாழ்நாளில் இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அதுவும் போன இரண்டு வாரத்துக்குள்.

மறுநாள் காலை அந்த வீட்டில் தீப்பிடித்தது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்த ஒற்றை ரூம். சிலிண்டர் இரவு முழுக்க உள்ளேயே இருந்திருக்கிறது. கொளஞ்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தான், வளர்மதி டீ போடத் தீக்குச்சி கிழித்தாள். அவன் குழந்தையைத் தெருவில் போட்டுவிட்டு உள்ளே ஓடி, வெறும் கையால் அவள் மேலிருந்த தீயை அணைக்கப் பார்த்திருக்கிறான். அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொண்டைக்குள் வெந்துபோயிருந்ததால் பேச முடியவில்லை. வாக்குமூலம் வாங்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் அவளால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தீயில் செத்தால் அது சும்மா போகாது. ஆர்.டி.ஓ. விசாரணை வரும். புருஷன் அடுப்பு வெடித்ததென்று சொன்னால், எல்லாப் புருஷனும் சொல்வதுதானே அது என்று கேட்கிறவர்கள் நினைப்பார்கள். முந்தின நாள் இரண்டு பேருக்கும் சண்டை நடந்ததைப் பக்கத்து ரூம்காரர்கள் கேட்டிருந்தார்கள். கல்யாணத்தில் போடுவதாகச் சொன்ன வண்டி போடவில்லை என்று அவன் குத்திக்காட்டுவான் என வளர்மதியின் அண்ணன்கள் எழுதிக் கொடுத்தார்கள். தினமும் நெருப்போடு வேலை செய்கிறவன், கேஸ் கசிவது அவனுக்குத் தெரியாதா என்று போலீஸில் கேட்டார்களாம். அவனிடம் பதிலாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். முந்தின நாள்தான் கேஸ் பிடித்தோம், பிடித்த கடையைக் காட்டுகிறேன் என்று சொல்லி, போலீஸோடு என் கடைக்கு வந்தான்.

தீப்பிடித்த செய்தி வந்த உடனேயே நான் கொட்டகையைக் காலி செய்துவிட்டிருந்தேன். பெரிய சிலிண்டர், ஸ்டாண்டு, ட்யூபு, எடைமெஷின் எல்லாம் ஒரு தெரிந்தவர் கொல்லைக்குப் போய்விட்டன. அவர்கள் வந்தபோது நான் ஒரு குக்கருக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தேன். கொளஞ்சியின் இரண்டு கையிலும் கட்டு. அவன் மேல் கருகிய வாடை இன்னும் போகவில்லை. போலீஸ்காரர் கேட்டதற்கு, “அடுப்பு ரிப்பேர் மட்டுந்தான் சார் பண்றேன். கேஸ் புடிக்கறதில்ல” என்றேன். கொளஞ்சி என் முகத்தையே பார்த்தான். “அண்ணே, அன்னிக்கு மத்தியானம் வளர் வந்தாளேண்ணே, பாப்பாவத் தூக்கிக்கிட்டு” என்றான். நான் அவனைப் பார்த்து, “யாருப்பா நீ?” என்றேன்.

அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு அவர்கள் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கொளஞ்சி போகும்போது திரும்பிப் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. நான் குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. உனக்காகத்தான், உன் அம்மாவுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று வருஷக்கணக்கில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நிமிஷத்தில் உன் ஞாபகம் எனக்கு வரவில்லை. ஜெயில் கம்பிதான் ஞாபகம் வந்தது. பிள்ளைகளைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு ஆண்கள் செய்கிற காரியங்களில் பாதி இப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். நாளைக்கு உனக்கும் ஒரு குழந்தை பிறக்கும். அதன் பேரில் எந்தப் பயத்தையும் ஏற்றி வைக்காதே.

வரதட்சணைச் சாவு என்று வழக்குப் போட்டுக் கொளஞ்சியைக் கைது செய்தார்கள்; சில மாதம் கடலூரில் ஜெயிலில் இருந்து ஜாமீனில் வந்தான். குழந்தையை வளர்மதியின் அண்ணன்கள் ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் பார்க்கப் போனால் அடித்துத் துரத்தினார்கள். தொழிற்பேட்டையில் யாரும் வேலை கொடுக்கவில்லை, கொடுத்திருந்தாலும் அவனால் சூளைப் பக்கம் நின்றிருக்க முடியாது. நான் கேஸ் பிடிப்பதை விட்டுவிட்டேன். ஆனால் கடை இருந்தது, அதே சந்தில் உட்கார்ந்து அடுப்பு துடைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாவுக்கு நான் பிடித்துக் கொடுத்தது தெரியும், அவள் கண் முன்னால்தானே நடந்தது. நான் போலீஸிடம் என்ன சொன்னேன் என்பதும் அவள் காதுக்கு வந்துவிட்டது. ஆனாலும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஏன் என்று நீ ஒருமுறை கேட்டதற்கு முட்டி வலி என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. கொளஞ்சியின் வக்கீல் ஒருநாள் சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தார். சட்டத்தையெல்லாம் சொல்லி மிரட்டவில்லை. எனக்கு அபராதம் வரலாம், கொஞ்ச நாள் தண்டனையும் வரலாம், ஆனால் நான் வந்து சொன்னால் அவனுக்குப் பத்து வருஷம் மிச்சமாகும் என்று மட்டும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை உன் அம்மா வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, “நீங்க போய்ச் சொல்லலன்னா நான் போய்ச் சொல்றேன். அன்னிக்கு அந்தக் கொழந்த என் மடிலதான் இருந்துது” என்றாள். குரல் உயரவே இல்லை. அவள் சொன்னால் செய்வாள் என்பது உனக்கும் தெரியும்.

நான் கோர்ட்டில் போய்ச் சொன்னேன். ஆமாம், நான்தான் பிடித்துக் கொடுத்தேன், போலீஸிடம் பொய் சொன்னேன் என்றேன். என் மேல் தனியாக வழக்கு வந்தது, அபராதத்தோடு போயிற்று. கடையை மூடினேன். ரோடு அகலப்படுத்துகிறார்கள் என்று உன்னிடம் சொன்னது அதற்குத்தான். அந்த ரோடு இன்றுவரை அகலமாகவில்லை, நீ அதைக் கவனித்தாயோ என்னவோ. கொளஞ்சிக்கு விடுதலை ஆனது. ஆனால் கோர்ட்டில் வால்வு சரியாக இருந்ததா, சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, பார்த்தேன், நன்றாக இருந்தது என்றுதான் சொன்னேன். ஒரு பொய்யைத் திருப்பி வாங்கப் போன இடத்தில் இன்னொன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். கொளஞ்சி என்னிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றிருந்தேன். அவன் வலது கையில் இரண்டு விரல் ஒட்டிப்போயிருந்தது. “அன்னிக்கு சோப்பு போட்டு நெசமாவே பாத்தீங்களாண்ணே?” என்று கேட்டான். “பாத்தம்பா. நல்லாத்தான் இருந்துது” என்றேன். அவன், “அப்ப நான்தான் பர்னர சரியா திருகி மாட்டலபோல” என்றான். சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம், பத்தடி தூரம்தான் போயிருந்தான்.

அதற்குப் பிறகுதான் நான் வேப்பூரில் ஒரு ஏஜென்சியில் சிலிண்டர் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். ஹைவே ஓரத்து ஓட்டல்களுக்கும் சுற்றுவட்டார வீடுகளுக்கும் பத்து வருஷத்துக்கு மேல் போட்டேன். நீ காலேஜ் படித்ததெல்லாம் அந்தச் சம்பளத்தில். ஒவ்வொரு வீட்டிலும் சீலைப் பிரித்து, வால்வுக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து, நுரை தடவிக் காட்டிவிட்டுத்தான் வருவேன். நேரமாகிறது என்று கூட வேலை செய்தவர்கள் திட்டுவார்கள். அதனால் உனக்கு நான் சொல்வது கடைக்காரன் சொல்வதும் இல்லை, போலீஸ் சொல்வதும் இல்லை. இரண்டையும் என் கையால் செய்தவன் சொல்கிறேன். நீ காலி சிலிண்டரைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை வாங்கும்போது, அந்தக் காலி நேரே ப்ளான்ட்டுக்குப் போகிறது. அங்கே வால்வைப் பார்க்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், கசிந்தால் ஒதுக்குகிறார்கள். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் ஒரு ஆங்கில எழுத்தும் ஒரு வருஷமும் எழுதியிருக்கும், அடுத்த சோதனை எந்தக் காலாண்டில் என்று அதற்கு அர்த்தம். தாண்டிப் போயிருந்தால் வாங்காதே, திருப்பி அனுப்ப உனக்கு உரிமை இருக்கிறது. கீழ்த்தெருக் கடையில் பிடிக்கும்போது அந்த இரும்பு உன்னுடையதாகவே இருக்கிறது. அதன் துரு, அதன் தேய்ந்த வாஷர் எல்லாம் உன் வீட்டுக்கே திரும்பி வருகிறது. கேஸ் விரிய உள்ளே கொஞ்சம் இடம் விட வேண்டும், கையால் தூக்கிப் பார்த்துக் குத்துமதிப்பாகப் பிடிக்கிறவன் அதை விட மாட்டான். நான் விட்டதில்லை. கூடுதலாகப் பிடித்தால் வாடிக்கையாளருக்குச் சந்தோஷம் என்று நினைத்தவன் நான். கீழ்த்தெருக் கடைக்காரர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, தம்பி. அவரும் நுரை தடவிப் பார்ப்பார். பார்த்துவிட்டு என்ன செய்வார் என்பதுதான் உனக்குத் தெரியாது.

வளர்மதிக்கு வேறு வழி இருக்கவில்லை. உனக்கு இருக்கிறது. இப்போது ஏஜென்சியிலேயே சின்ன சிலிண்டர் தருகிறார்கள், ஒரு அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கூட வேண்டாம். காலியானால் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். அதைக் கூட நீ செய்யாமல் இருப்பது சோம்பல்தான். நாலு நாள் கரன்ட் அடுப்பிலேயே சமைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

உன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும் என்று கவிதா சொன்ன குரலே காதில் இருந்தது. அடுத்த வாரம் மங்கலம்பேட்டைக்குப் போனேன். கொளஞ்சி அங்கே ஒரு பெயின்ட் கடையில் வேலை செய்கிறான் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, குமிழி வந்ததை, இறுக்கியதை, துடைத்ததை எல்லாம் சொன்னேன். பர்னரில் ஒரு தப்பும் இல்லை, அவன் சரியாகத்தான் மாட்டியிருப்பான் என்றேன். உன் அம்மா சாகும்வரை அவளிடம் கூட இதைச் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவன் டீயை அப்படியே வைத்துவிட்டான். நான் போகட்டுமா என்று எழுந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

“என்கிட்ட சொல்லி என்னண்ணே ஆவப்போவுது. என் பொண்ணுகிட்ட வந்து சொல்லுங்க. நான்தான் அவங்கம்மாவக் கொளுத்திட்டேன்னு சொல்லித்தான் வளத்திருக்காங்க. கோர்ட்டு விட்டதெல்லாம் அவளுக்குக் கணக்கு இல்ல. எம் மொகத்த அவ ஏறெடுத்துப் பாத்தது இல்ல.”

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் விருத்தாசலத்திலிருந்து ஒரே பஸ்ஸில் ஸ்ரீமுஷ்ணம் போனோம். பக்கத்துப் பக்கத்து சீட்டு. வளர்மதியின் பெரிய அண்ணன் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். நான் யார் என்று சொன்னதும், கோர்ட்டில் பார்த்த ஞாபகம் வந்து, என்னை மட்டும் உள்ளே வரச் சொன்னார். அவன் வராமல் நான் வரமாட்டேன் என்றேன். கொஞ்சம் யோசித்து விலகி நின்றார். அபிநயா நர்ஸிங் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். எதிரில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. நான் உனக்கு இப்போது எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன், ஒன்றையும் விடாமல், “யாருப்பா நீ” என்று கேட்டதையும் சேர்த்து. அவள் அழவில்லை. பாடம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“கசியுதுன்னு எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?”

“இல்லம்மா.”

“சொல்லியிருந்தா வெளில வெச்சிருப்பாங்க.”

“ஆமாம்மா.”

அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தேன். வெயிலில் நடந்து வந்த களைப்பு எங்கள் இரண்டு பேர் முகத்திலும் இருந்திருக்கும். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து அவள் அப்பாவிடம் நீட்டினாள். கொளஞ்சி அந்த ஒட்டிப்போன விரல்களோடு இரண்டு கையாலும் வாங்கினான். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.

அப்பா